வயதையும் மாதத்தையும் மறைக்காதீர்கள்

மகப்பேறு மருத்துவர் பதில்கள்

இளவயதுக் கர்ப்பத்தைப் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் மகளுக்கு வருகிற ஆவணியில்தான் 17 வயது நிறைகிறது. சென்ற ஆண்டு என் அண்ணன் மகனுக்கே கட்டிக்கொடுத்தோம். இப்போது ஐந்தாம் மாதம். இன்னும் எங்கும் பதிவு செய்யவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும் என்று அண்ணன் வீட்டில் தடுக்கிறார்கள். ஏழாம் மாதத்துக்குப் பிறகு வெளியூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் 20 வயது என்று சொல்லிச் சேர்த்துவிடலாம் என்கிறார்கள். இந்த வயதில் பிள்ளை பெறுவதில் உண்மையிலேயே ஆபத்து இருக்கிறதா?
— ஒரு தாய், தருமபுரி மாவட்டம்

பதில்: ஆபத்து இருக்கிறது அம்மா. ஆனால் உங்கள் கடிதத்தில் மகளின் வயதைக் காட்டிலும் என்னைக் கலங்கவைத்தவை ‘ஏழாம் மாதத்துக்குப் பிறகு’ என்ற சொற்கள். இந்த வாரமே அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுங்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டு, காரணங்களைப் பிறகு சொல்கிறேன்.

வயதுக்கு வந்துவிட்டால் உடல் பிள்ளைப்பேற்றுக்குத் தயாராகிவிட்டது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பூப்பெய்திய பிறகும் சில ஆண்டுகள் பெண் வளர்கிறாள்; உயரம் ஏறக்குறைய நின்றுவிட்ட பின்னும் இடுப்பெலும்பின் உட்குழி, அதாவது குழந்தையின் தலை இறங்கி வரவேண்டிய பாதை, விரிந்துகொண்டே இருக்கிறது. அப்படி வளரும் உடலில் இன்னொரு உயிரும் வளரும்போது சத்துக்கு இரண்டு பேர் போட்டியிடுகிறார்கள். அமெரிக்காவின் கேம்டன் நகரில் தெரசா ஷோல் என்ற ஆய்வாளர், இளவயதுக் கர்ப்பிணிகளின் முழங்கால் உயரத்தை நுட்பமாக அளந்து, அவர்களில் யார் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள் என்று கண்டறிந்தார். வளர்ந்துகொண்டிருந்த பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் எடை நன்றாகவே கூடியது. ஆனாலும் அவர்களுடைய குழந்தைகள் சுமார் 150 கிராம் எடை குறைவாகப் பிறந்தன. தாய் உண்டதில் ஒரு பங்கைத் தாயின் உடலே தனக்கென்று வைத்துக்கொண்டது என்பது இதன் பொருள்.

உலக சுகாதார நிறுவனம் 29 நாடுகளின் மருத்துவமனைகளில் திரட்டிய தகவல்களைக் கொண்டு 2014-இல் வெளியான ஆய்வு, 20 முதல் 24 வயது வரையுள்ள தாய்மாரோடு ஒப்பிடும்போது 19 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பேறுகால வலிப்பும், பிரசவத்துக்குப் பிந்தைய கருப்பைத் தொற்றும், உடல் முழுவதும் பரவும் தொற்றும் அதிகம் என்றும், அவர்களுடைய குழந்தைகளுக்குக் குறைமாதப் பிறப்பும் எடைக்குறைவும் அதிகம் என்றும் காட்டியது. அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது: குறைமாதத்தில் பிறக்கப்போகும் குழந்தையின் நுரையீரலை வலுப்படுத்தத் தாய்க்குப் போடவேண்டிய ஊசி போன்ற வழக்கமான சிகிச்சைகள்கூட இளவயதுத் தாய்மாருக்குக் குறைவாகவே கிடைத்திருந்தன. யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே குறைவாகக் கிடைத்திருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் இரவுப் பணியில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். எட்டாம் மாதம், வழியிலேயே ஒருமுறை வலிப்பு வந்திருந்தது. படிவத்தில் வயது 20; பிறகு பார்த்த ஆதார் அட்டையில் 17. இரண்டு கைகளிலும் முழங்கைவரை வளைகாப்புக் கண்ணாடி வளையல்கள். ஊசி ஏற்ற நரம்பு தேடினால் வளையல்கள் தடுத்தன. சோப்பு நுரை தடவியும் இறங்கவில்லை, ஏனென்றால் கைகள் அவ்வளவு வீங்கியிருந்தன. துணியைச் சுற்றி ஒவ்வொன்றாக உடைத்தோம். ரத்த அழுத்தம் 170/110. “பிள்ளைத்தாச்சிக்கு வீக்கம் வரத்தானே செய்யும் என்று இருந்துவிட்டோம்” என்றார் மாமியார். அதற்கு முன் அந்தப் பெண்ணின் கையில் ஒருமுறைகூட ரத்த அழுத்தக் கருவியைச் சுற்றியதில்லை. மெக்னீசியம் சல்பேட் ஊசி வலிப்பை அடக்கியது, அவள் பிழைத்துக்கொண்டாள். 1,400 கிராம் எடையில் பிறந்த குழந்தை மூன்றாம் நாள் தவறிவிட்டது. அந்த மெக்னீசியம் சல்பேட் விலை மலிவான மருந்து. ரத்த அழுத்தம் உயர்ந்த கர்ப்பிணிகளுக்கு முன்கூட்டியே கொடுத்தால் வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் மேல் குறைக்கும் என்பது 2002-இலேயே நிறுவப்பட்டுவிட்டது. அதைக் கொடுக்க, அழுத்தம் உயர்கிறது என்பது யாருக்காவது தெரிந்திருக்கவேண்டும்.

உங்கள் மகளின் ஐந்தாம் மாதத்துக்கும் ஏழாம் மாதத்துக்கும் இடையில்தான் இத்தகைய அழுத்தம் சத்தமில்லாமல் ஏறத் தொடங்கலாம். குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேனுக்குரிய வாரங்களும் இவையே; உறவுக்குள் செய்த திருமணம் என்பதால் அதைத் தவறவிடக் கூடாது. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, 7-க்குக் கீழே இருந்தால் அது கடுமையானது. அந்த நிலையில் பிரசவத்தின்போது சாதாரணமாக ஏற்படும் ரத்தப்போக்கே உயிரைக் குடித்துவிடக்கூடும். ஐந்தாம் மாதத்தில் கண்டுபிடித்தால் மாத்திரையாலோ நரம்பு வழியாக ஏற்றும் இரும்புச்சத்து மருந்தாலோ சரிசெய்துவிட அவகாசம் இருக்கிறது. ஒன்பதாம் மாதத்தில் கண்டுபிடித்தால் ரத்தம் ஏற்றுவதைத் தவிர பெரும்பாலும் வழியிருக்காது. விடாத தலைவலி, கண் மங்குதல், நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி, முகவீக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் மறுநாள்வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

போலீஸ் பயத்தை வெறும் கற்பனை என்று நான் ஒதுக்கமாட்டேன். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டத்தின்படி 18 வயது நிறையாதவர் குழந்தை. திருமணம் ஆகியிருந்தாலும் விலக்கில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் தெளிவாக்கிவிட்டது. செய்தி தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது மருத்துவருக்கே குற்றம். தனியார் மருத்துவமனைக்கும் இதே கடமைதான், ஆகவே வயதை மாற்றிச் சொல்வதால் சட்டம் மாறிவிடாது. மருத்துவரின் கண்ணைக் கட்டிவிட்டு வைத்தியம் பார்க்கச் சொல்வதில்தான் அது முடியும். அதேவேளை, போலீஸ் கடிதம் கொண்டுவந்தால்தான் சிகிச்சை என்று எந்த மருத்துவமனையும் சொல்ல முடியாது, பெண்ணின் பெயரும் முகவரியும் வெளியில் வருவதையும் சட்டம் தடுக்கிறது. குடும்பத்தின் நிலை என்ன ஆகும் என்ற கவலைக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச ஆலோசனை கிடைக்கும். சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் அண்ணன் வீட்டார் என்ன சொல்கிறார்கள் என்பது இருக்கிறது, மகள் என்ன சொல்கிறாள் என்பது இல்லை. கர்ப்பத்தைத் தொடர அவளுக்கு விருப்பமா என்று யாரும் பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். 2021-இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிறையாத பெண்ணின் கர்ப்பத்தை 24 வாரம் வரை, இரண்டு மருத்துவர்களின் கருத்தோடும் காப்பாளரின் எழுத்துபூர்வ ஒப்புதலோடும் பாதுகாப்பாகக் கலைக்கலாம். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து வாரக்கணக்கு எண்ணப்படுகிறது என்பதால் உங்களுக்கு மீதியிருப்பது சில வாரங்கள்தான். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் நாட்டு மருந்து என்று எதையாவது கொடுப்பதும் இந்த மாதத்தில் நேராக ரத்தப்போக்கில் கொண்டுபோய் விடும்.

கேள்வி: என் பாட்டிக்கு 13 வயதில் திருமணம், 15 வயதில் தலைப்பிள்ளை. பதினொரு பிள்ளைகள் பெற்று, 88 வயதுவரை கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோத்தார். அந்தக் காலத்தில் இல்லாத ஆபத்து இப்போது எங்கிருந்து வந்தது?
— ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: ஐயா, பாட்டி பெற்றது பதினொன்று, தங்கியது எத்தனை? இந்தக் கேள்வியை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அடுத்ததாகக் குடும்பத்தின் வம்சாவளியை எடுத்துப் பார்த்து, ‘இரண்டாம் தாரம்’ என்று எத்தனை பேர் குறிக்கப்பட்டிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். எல்லா இரண்டாம் தாரத்துக்கும் பிரசவம் காரணமில்லை என்றாலும், முதல் தாரம் தலைப்பிரசவத்தில் போனாள் என்ற ஒற்றை வரியில் முடிந்துபோன பெண்கள் நம் குடும்பங்களில் நிறைய இருக்கிறார்கள். 88 வயதுவரை வாழ்ந்த பாட்டி கதை சொல்ல இருந்தார். 15 வயதில் போனவள் எந்தப் பேரனுக்கும் பாட்டியாகவில்லை.

ஆபத்து அன்றும் இருந்தது என்பதற்கு நம் ஊர் வரலாறே சாட்சி. 1890-களில் திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று வீட்டுக்காரர்கள் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் கிடந்த தங்கள் மனைவியருக்கு உதவ ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணை அழைத்தார்கள். அவர் அப்போது மருத்துவம் படித்திருக்கவில்லை. மருத்துவரான தந்தையை அழைத்துப் போகச் சொன்னபோது, ஆண் மருத்துவர் வேண்டாமென்று மூவரும் திரும்பிவிட்டனர். மறுநாள் மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது. அவர்களில் ஒருத்திக்கு 14 வயது என்று ஐடாவின் வாழ்க்கையைச் சொல்பவர்கள் குறிப்பிடுகிறார்கள். அவர் அமெரிக்கா சென்று மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் மருத்துவமனையும் 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கியதற்கு அந்த இரவே காரணம். பெண்ணின் திருமண வயதை 14 என்று வரையறுத்த சாரதா சட்டம் 1929-இல் வந்தது; 15 ஆனது 1949-இல், 18 ஆனது 1978-இல். ஒவ்வொரு முறையும் உங்கள் கேள்வியைப் போன்ற ஒன்றைக் கேட்டுத்தான் பலர் எதிர்த்தார்கள்.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடவேண்டும். இளவயதுத் தாய்மாரின் இறப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்கு, ஐந்து மடங்கு என்றெல்லாம் மேடைகளில் சொல்லப்படுவதுண்டு. 144 நாடுகளின் தரவுகளைக் கொண்டு 2014-இல் செய்யப்பட்ட கணக்கீட்டில், ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 15–19 வயதில் சுமார் 260 தாய்மாரும், 20–24 வயதில் சுமார் 190 தாய்மாரும் இறந்தார்கள். மேடைக் கணக்கைவிடச் சிறிய வித்தியாசம்தான். ஆயினும் உயிர்களின் வித்தியாசம். தமிழ்நாட்டில் 2018–20-இல் எல்லா வயதுத் தாய்மாரையும் சேர்த்து அந்த எண் 54 ஆக இருந்தது. இங்கே தாய்மார் பிழைப்பது மருத்துவமனைப் பிரசவத்தாலும் ரத்த வங்கியாலும் சிசேரியனாலும்தான். 15 வயது உடல் வலுவாகிவிட்டதால் அல்ல. குழந்தை இறங்க வழியில்லாமல் இரண்டு மூன்று நாள் வலியில் கிடந்து, சிறுநீர்ப்பை கிழிந்து, வாழ்நாள் முழுவதும் சிறுநீர் ஒழுகிக்கொண்டிருந்த பெண்களை நம் மூத்த மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களை இப்போது நான் அரிதாகவே பார்க்கிறேன்.

இது பழங்கதையும் அல்ல. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 20–24 வயதுப் பெண்களில் 12.8 விழுக்காட்டினருக்கு 18 வயதுக்கு முன்பே திருமணம் ஆகியிருந்தது. 15–19 வயதுப் பெண்களில் 6.3 விழுக்காட்டினர் தாயாகவோ கர்ப்பிணியாகவோ இருந்தார்கள்.

கேள்வி: என் மருமகளுக்கு 18 வயது. 35-ஆவது வாரத்திலேயே பிரசவமாகி, பேத்தி 1,900 கிராம் எடையில் பிறந்தாள். ஆறு நாள் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். உறவினர்கள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டவும், உரம் எடுக்கவும், சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கவும் சொல்கிறார்கள். மருமகளுக்குப் பிள்ளையைத் தூக்கவே தெரியவில்லை, எந்நேரமும் அழுகிறாள். என்ன செய்யலாம்?
— ஒரு பாட்டி, விருதுநகர் மாவட்டம்

பதில்: சொன்ன மூன்றும் வேண்டாம் அம்மா. இத்தனை சிறிய குழந்தையின் உடலில் சூட்டைக் காக்கும் கொழுப்பு இல்லை. ஒரு குளியலில் உடல் குளிர்ந்துவிடும். எடை கூடி மருத்துவர் சொல்லும்வரை ஈரத்துணியால் துடைத்தால் போதும். துணியில் போட்டு உருட்டி உரம் எடுப்பது மூளையில் ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும். வசம்பு, கழுதைப்பால், சர்க்கரைத் தண்ணீர் ஆகியவை குடிக்கவேண்டிய தாய்ப்பாலின் இடத்தை அடைத்துக்கொண்டு வயிற்றுப்போக்கையும் கொண்டுவரும்.

செய்யவேண்டியது கங்காரு பராமரிப்பு. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் குறைமாதக் குழந்தைகளைச் சூடாக வைக்கும் கண்ணாடிப் பெட்டிகள் போதாமல் ஒரே பெட்டியில் பல குழந்தைகளைக் கிடத்தவேண்டியிருந்த 1978-இல், எட்கர் ரே என்ற மருத்துவர் தாயின் மார்பையே பெட்டியாக்கினார். டயப்பரும் குல்லாவும் காலுறையும் மட்டும் போட்டு, குழந்தையைத் தாயின் மார்புகளுக்கு நடுவே, தலை ஒருபக்கம் திரும்பியிருக்க, நெஞ்சோடு நெஞ்சாக நிமிர்த்தி வைத்து, மேலே ஒரு பருத்திப் புடவையால் கட்டிவிடுங்கள். நாளில் எவ்வளவு மணிநேரம் முடியுமோ அவ்வளவு. மருமகள் குளிக்கவும் தூங்கவும் போகும் நேரத்தில் நீங்களோ உங்கள் மகனோ வைத்துக்கொள்ளலாம். மகன் கூச்சப்படுவார், இரண்டாம் நாள் பழகிவிடும். இரண்டு மணிக்கொரு முறை பால் கொடுக்கவேண்டும். உறிஞ்சிக் களைத்துப்போனால் பாலைப் பீய்ச்சி, கொதிநீரில் சுத்தம் செய்த சங்கால் சிறிதுசிறிதாகப் புகட்டுங்கள்.

பலர் தவறவிடும் ஒன்றைச் சொல்கிறேன். 2,000 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கு, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்யவேண்டும். உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சையால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றிவிடலாம், தாமதமானால் முடியாது. வீட்டுக்கு அனுப்பும்போது தந்த சீட்டில் அதற்கான தேதி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பால் குடிக்க மறுத்தாலோ, உள்ளங்கால் குளிர்ந்திருந்தாலோ, அமைதியாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, மஞ்சள் உள்ளங்கைவரை பரவினாலோ வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்.

மருமகளின் அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது குழந்தையையோ தன்னையோ ஏதாவது செய்துகொள்வது போலப் பேசினால், அது சோம்பலோ திமிரோ இல்லை, உடனே சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வு. இளவயதுத் தாய்மாரிடம் இதை அதிகம் காண்கிறோம். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். ‘தூக்கவே தெரியவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் போன வருடம்வரை பள்ளிக்கூடப் பை தூக்கியவளாகத்தான் இருந்திருப்பாள். கையைப் பிடித்து ஒருமுறை காட்டிக்கொடுங்கள்.

பேத்தி ஒரு வயதைத் தாண்டிய பிறகும் எடையோடு உயரத்தையும் அளந்துவர அங்கன்வாடிக்குக் கூட்டிப்போங்கள். இந்தியக் கணக்கெடுப்பை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வில், வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகளின் விகிதம் இளவயதில் தாயானவர்களிடம் மற்றவர்களைவிடப் பத்து விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுதலாக இருந்தது. தாயின் படிப்பும் வீட்டின் வசதியும் குறைவாக இருப்பதும் அதற்கு முக்கியக் காரணங்கள். பிறப்பிலேயே விதிக்கப்பட்டதாக அதை எடுத்துக்கொள்ளவேண்டாம்.

கேள்வி: எனக்கு 24, மனைவிக்கு 19. குழந்தைக்கு ஐந்து மாதம். உடனே இன்னொன்றையும் பெற்றுவிட்டு ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார் என் தாயார். பால் கொடுக்கும்வரை கரு தங்காது என்றும் சொல்கிறார்.
— ஒரு கணவர், சேலம்

பதில்: தம்பி, ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கரு தங்குவதற்கும் இடையில் குறைந்தது 24 மாதம் வேண்டும். தாய்ப்பால் கணக்கு பாதி உண்மை: குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாமல், வேறெதுவும் கொடுக்காமல் இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு, உங்களுக்கு அது இன்னும் சில வாரங்களே. கருத்தடைக்குக் காப்பர் டி, மூன்று மாதத்துக்கொரு முறை போடும் அந்தரா ஊசி, சாயா மாத்திரை ஆகிய மூன்றும் அரசு மருத்துவமனையில் இலவசம். மூன்றும் தாய்ப்பாலைக் கெடுக்காதவை. எது ஏற்றது என்பதை உங்கள் மனைவி, தாயார் உடனில்லாமல், செவிலியரிடம் பேசி முடிவு செய்யட்டும். 21 வயதில் நிரந்தர அறுவை செய்துகொண்டு 26-இல் வருந்தி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பள்ளியில் வாரந்தோறும் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை என் மாணவிகள் ஜன்னல் வழியாக வீசிவிடுகிறார்கள். கட்டாயப்படுத்துவது அவசியமா?
— ஓர் ஆசிரியை, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: வீசுவதற்கு அவர்களிடம் காரணம் இருக்கிறது: வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும், மலம் கறுத்துப்போகும், அதைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். மதிய உணவுக்குப் பிறகு, உங்கள் கண்ணெதிரில், நீங்களும் ஒன்றைப் போட்டுக்கொண்டு கொடுத்துப் பாருங்கள். கறுப்பு நிறம் மாத்திரையின் நிறம்தான் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். உடன் டீ குடித்தால் இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது, ஒரு நெல்லிக்காய் தின்றால் கூடுதலாகச் சேரும். இந்தியாவில் 15–19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. மேலே தருமபுரித் தாயின் மகளுக்கு நான் அஞ்சுகிற ரத்தப்போக்கு ஆபத்துக்கான ஏற்பாடு, அவள் ஒன்பதாம் வகுப்பில் வீசிய மாத்திரையில் தொடங்கியிருக்கலாம்.

உங்களிடம் இன்னொரு உதவியும் கேட்கிறேன். காலாண்டு விடுமுறை முடிந்தும் வராத மாணவியைப் பற்றி, ‘ஊருக்குப் போயிருக்கிறாள்’ என்ற பதிலோடு விட்டுவிடாமல் வீட்டுக்கு ஒருவரை அனுப்பிப் பாருங்கள். திருமண ஏற்பாடு நடக்கிறதென்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்கலாம். அழைத்தது யார் என்பதை அவர்கள் வெளியிடமாட்டார்கள்.